கிருபாவதி வீட்டுத் தண்ணிக்குழம்பு

அன்றைக்கும் கும்பாவுக்குள் தண்ணீர்தான் வந்திருந்தது. குழம்பு என்று பேர் வைத்த தண்ணீர். முருகம்மாள் அந்த வெண்கலக் கும்பாவை விளக்குப் பக்கம் கொண்டுபோய் லேசாகச் சாய்த்துப் பார்த்தாள். அடி வெண்கலம் பளிச்சென்று தெரிந்தது. தோல் கழன்ற மொச்சை இரண்டு, ஆளுக்கொரு பக்கமாக மிதந்துகொண்டிருந்தன.

"இதைக் குழம்புன்னு குடுக்க எம்புட்டுத் துணிச்சல் வேணும்!" என்றாள் அடுப்பைப் பார்த்து. "நேத்து நான் மொச்சைக் குழம்பு வச்சேன். இன்னைக்கு அவ மொச்சை. முந்தாநா நான் கத்திரிக்கா வச்சேன். நேத்து அவ கத்திரிக்கா. சொந்தமா ஒரு குழம்பு யோசிச்சு வைக்கத் துப்பில்லை. என்னையப் பாத்துச் செய்றதுதான் செய்றா, அதை உருப்படியாச் செஞ்சாத் தேவலை!"

வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்த அவள் புருசன் சுருளியாண்டி, "விடுத்தா. தண்ணியா இருந்தா வயித்துக்கு நல்லதுதான்" என்றார்.

"ஒங்களுக்கென்ன! எதைப் போட்டாலும் கேக்காம உள்ள தள்ளுவீக. வச்சு வச்சு கையொடியறவளுக்குத்தான் தெரியும்."

அவர் காலைத் துடைக்கத் துண்டைத் தேடிப் போனார். அடுப்படியில் முருகம்மாள் பேசும்போது குறுக்கே போகக் கூடாது என்பது அவர் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம். உள்ளே படுத்திருந்த மகள் ராமுத்தாயிக்கு அந்த விவரம் இல்லை.

"ஆத்தா, கிருபா அத்தை குழம்பு வந்துருச்சா?" என்று ஈனக் குரலில் கேட்டாள்.

முருகம்மாளுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. அந்தத் தண்ணீரை வாசல் பக்கம் வீசியிருப்பாள். வீச முடியாது. அங்கேதான் அவள் வசமாக மாட்டிக்கொண்டிருந்தாள்.

ராமுத்தாயி கம்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். போன வருசம் உண்டான கரு தங்காமல் கலைந்துவிட்டது. இப்போது மறுபடி முழுகாமல் இருக்கிறாள். மசக்கை என்றால் ஊரில் இல்லாத மசக்கை. எண்ணெய் காய்ந்தால் குமட்டல். மல்லி வறுத்தால் ஓங்கரிப்பு. காலையில் குடித்த கஞ்சி மத்தியானம் வெளியே வந்துவிடும். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. "வயித்துல சோறு தங்கலேன்னா பிள்ளையும் தங்காது, பாத்துக்க" என்று மருத்துவச்சி சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அந்தப் பேச்சைக் கேட்ட நாளிலிருந்து முருகம்மாளுக்குச் சரியான தூக்கம் கிடையாது. மகள் வாய்க்குள் எதையாவது தங்க வைக்க அவள் வைக்காத குழம்பில்லை. மணக்க மணக்க வறுத்தாள், மைபோல அரைத்தாள். அத்தனையும் ராமுத்தாயி மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிவிட்டாள். கடைசியில் அந்த மகராசிக்கு எது இறங்கியது தெரியுமா? பக்கத்து வீட்டுத் தண்ணி! குழைந்த சோற்றில் அதை ஊற்றிப் பிசைந்து கொடுத்தால் ஒரு வட்டில் உள்ளே போகும், போனது போனதுதான், திரும்பி வராது.

மகள் சாப்பிடுகிறாளே என்று சந்தோஷப்படுவதா, தன் குழம்பை விட்டு அதைச் சாப்பிடுகிறாளே என்று வயிறெரிவதா? முருகம்மாள் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்துகொண்டிருந்தாள்.

இந்தக் கும்பா போய்வரும் கதையைச் சொன்னால்தான் அவள் கோபம் புரியும். அனுமந்தன்பட்டிக் கடைத்தெருவை ஒட்டிய சந்தில், அவள் வீட்டுக்கும் ஞானசிகாமணி வீட்டுக்கும் நடுவே நெஞ்சளவு உயரத்தில் ஒரு மண்சுவர். ஞானசிகாமணி பலசரக்குக் கடைக்காரர், திருநெல்வேலிப் பக்கத்து வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. அவர் புதுப்பெண்டாட்டி கிருபாவதியைக் கூட்டிவந்து இறக்கிய அன்றைக்கு, பாவம், அடுப்புகூடப் பூசியிருக்காதே என்று முருகம்மாள்தான் தன் சீர்க் கும்பா நிறையக் குழம்பைச் சுவருக்கு மேலே நீட்டினாள். மறுநாள் பொழுது சாய, அந்தப் பெண் கும்பாவைக் கழுவித் துடைத்து வெறுமையாக நீட்டியது.

"ஏத்தா, கும்பாவை வெறுசாக் குடுக்கக் கூடாது. ஒருவாய்க் குழம்பாச்சும் ஊத்திக் குடுக்கணும். இங்கன அதான் பழக்கம்" என்றாள் முருகம்மாள்.

கிருபாவதி நாக்கைக் கடித்துக்கொண்டு ஓடி, தேங்காய் அரைத்த மீன் குழம்போடு வந்தாள். அன்றைக்குப் பிடித்துக்கொண்ட பழக்கம்தான். பொழுது சாய்ந்தால் அங்கிருந்து கும்பா நிறைந்து வரும். அதை வாங்கி ஊற்றிவிட்டு, இங்கே அன்றைக்கு வைத்ததை நிறைத்து அனுப்புவாள். "வேதக்காரக வீட்டுக் குழம்பையா வாங்கித் திங்கிற?" என்று தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். "ஆமா, ருசியாத்தான் இருக்கு. ஒனக்கும் ரெண்டு கரண்டி ஊத்தவா?" என்று கேட்டு முருகம்மாள் வாயை அடைத்தாள். கிருபாவதிக்காக அவள் ஊரோடு சண்டை போட்டவள் என்பதை இங்கே ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம், கிருபாவதிக்கு இரண்டு பெண் பிறந்த பிறகு, சண்டை வந்தது. எங்கேயோ கடலுக்கு அந்தப் பக்கம் நடந்த சண்டை, இங்கே உலைப்பானைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பர்மா அரிசி நின்றது. குமுளிப் பாதையில் மலை தாண்டி அடுத்த சீமைக்கு அரிசி ஏறக் கூடாது என்று தடை போட்டார்கள். அறுத்த நெல்லைக் களத்திலேயே சர்க்கார் அளந்துகொண்டு போனது. ரேஷன் கார்டுக்குப் போட்ட அரிசியில் கல் பாதி, குருணை பாதி. முருகம்மாளுக்கு அரிசிதான் தட்டுப்பாடே தவிர, குழம்புக்குக் குறைவில்லை. வாய்க்கால் கரையில் சொந்தப் புளியமரம், வரப்பில் மொச்சை, கொல்லையில் கத்திரி. பக்கத்தில் இருப்பதோ பலசரக்குக் கடை. தெருவில் எந்த வீட்டில் எது இல்லாவிட்டாலும் கடைக்காரர் வீட்டில் இல்லாமல் போகுமா? கடைக்குள் எட்டிப் பார்த்தால் மூட்டைமேல் மூட்டையாக அடுக்கியிருந்தது. அந்த வீட்டிலிருந்துதான் இந்தத் தண்ணீர் வந்தது.

முதலில் முருகம்மாள் நல்ல விதமாகத்தான் ஆரம்பித்தாள். சுவரோரம் நின்று பக்குவம் சொல்லிக் கொடுத்தாள்.

"ஏத்தா கிருபா, குழம்பு தண்ணியா இருந்தா ஒரு பிடி அரிசியை வறுத்து, மல்லியோட சேத்து அரைச்சு விடு. தன்னால கூடி வந்துரும்."

"சரி மைனி" என்றாள் கிருபாவதி.

மறுநாளும் தண்ணீர் வந்தது.

"புளியை வெறுந்தண்ணியில ஊறப்போடாத. அரிசி கழுவுன ரெண்டாந்தண்ணி இருக்குல்ல, அதுல ஊறப்போடு. குழம்புக்கு ஒரு வழவழப்பு வரும்."

"சரி மைனி."

"வெந்தயத்தைச் செவக்க வறுத்துப் பொடி. கருக விட்றாத, கசந்துரும். கடைசியா ஒரு துண்டு வெல்லம் போடு. கத்திரிக்காயை நறுக்குனதும் தண்ணிக்குள்ள போட்டுரு, கறுக்காது."

"சரி மைனி."

சரி மைனி, சரி மைனி, சரி மைனி! மைனி என்றால் அந்தப் பக்கத்தில் மதினி. தலையை மட்டும் கோயில் மாடுபோல ஆட்டுவாள். ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவாள். முருகம்மாள் சொன்ன பக்குவத்தில் கால்வாசியைச் செய்திருந்தால்கூட அந்தத் தண்ணீர் இத்தனை நாளில் குழம்பாகியிருக்கும். ஒருநாள் கிருபாவதியே, "மைனி, பருப்பும் தேங்காயும் இல்லாம, எண்ணெயும் விடாம ஒரு குழம்பு வைக்க முடியுமா?" என்று கேட்டாள். கடைக்காரர் பெண்டாட்டி கேட்கிற கேள்வியா இது? கிண்டல் பண்ணுகிறாள் என்றே முருகம்மாள் நினைத்தாள். "வைக்கலாம், அடுப்பும் இல்லாம வைக்கலாம்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

போதாக்குறைக்கு இந்த எள்ளு விவகாரம். குழம்பை இறக்கும்போது வறுத்த எள்ளுப்பொடி ஒரு சிட்டிகை தூவுவது முருகம்மாளின் அம்மா வழி வந்த பக்குவம். எல்லாப் பக்குவத்தையும் ஊருக்கு வாரிக் கொடுத்தவள், இதை மட்டும் யாருக்கும் சொன்னதில்லை. ஒருநாள் கிருபாவதி அனுப்பிய தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தால், எள்ளு!

"ஏடி ராமுத்தாயி, நீதான் அவகிட்டச் சொன்னியா?"

"நான் படுத்த படுக்கையாக் கெடக்கேன். நான் எங்கிட்டுப் போயி சொல்ல?" என்று மகள் முனகினாள்.

"அப்ப சுவருக்கு அந்தப் பக்கம் நின்னு எட்டிப் பாத்துருக்கா! பத்துப் பக்குவம் வலிய சொன்னேன், ஒண்ணையும் செய்யலை. சொல்லாததைத் திருடிச் செஞ்சிருக்கா, பாருங்களேன்!"

சுருளியாண்டி இன்னொரு கவளத்தை உருட்டி வாயில் போட்டுக்கொண்டார்.

இந்த ஆத்திரத்தோடுதான் மறுநாள் வாய்க்காலுக்குத் துணி துவைக்கப் போனாள். பெரியாற்றுத் தண்ணீர் கரை முட்டப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்துக் கல்லில் மூக்கம்மாள். அவள் புருசன் செல்லப்பாண்டிக்கு எங்கே நாலு பேரைச் சேர்க்கலாம், எவனோடு மல்லுக்கு நிற்கலாம் என்பதே பிழைப்பு. மூக்கம்மாள் கார்டு அரிசியைத் திட்டினாள், அளந்துகொண்டு போன ஆட்களைத் திட்டினாள், வீட்டில் பிள்ளைகள் கேழ்வரகைத் தின்ன மாட்டேன் என்று அழுவதைச் சொன்னாள். சொல்லிவிட்டு, "ஒங்க பாடு எப்படிக்கா?" என்றாள்.

வாய் இருக்கிறதே, அது ஒருதரம் திறந்துவிட்டால் மூடத் தெரியாது. "எங்க பாட்டை ஏன் கேக்குற! அடுத்த வீட்டுக் கடைக்குள்ள மூட்டை மூட்டையா அடுக்கிக் கெடக்கு. பொண்டாட்டிக்காரி எனக்குத் தண்ணியக் கலக்கி அனுப்புறா. அம்புட்டும் மலையேறப் போகுதோ என்னமோ!"

கடைசி வாக்கியத்துக்கு ஆதாரம் ஒன்றும் கிடையாது. பேச்சு வாக்கில் வந்து விழுந்தது. சேலையை அடித்த அடியில் அதுவும் ஒரு அடி, அவ்வளவுதான். துவைத்து முடித்து வீட்டுக்கு வந்தபோது முருகம்மாளுக்கு மனசு லேசாகக்கூட இருந்தது.

மறுநாள் மத்தியானம் கடை வாசலில் சத்தம் கேட்டது. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவள் வெளியே வந்தபோது, செல்லப்பாண்டியும் இன்னும் சிலரும் கடைப்படியில் ஏறி நின்றிருந்தார்கள்.

"அரிசி இருக்கா, இல்லையா?"

"இல்லப்பா. வந்தாத் தாரேன்" என்றார் ஞானசிகாமணி.

"அப்ப இதெல்லாம் என்னா?" செல்லப்பாண்டி மூட்டைகளைக் கை காட்டினான்.

ஞானசிகாமணி மூட்டைகளுக்கு முன்னால் வந்து நின்றார். என்ன சொன்னாலும் கேட்கிற நிலையில் அங்கே யாரும் இல்லை. ஒருத்தன் மேல்மூட்டையைப் பிடித்து இழுத்தான். மூட்டை விழுந்து வாய்க்கட்டு அவிழ்ந்தது. உமி கொட்டியது. அடுத்ததை அறுத்தார்கள். அதிலும் உமி. அதற்கடுத்ததிலும் உமிதான். படியெல்லாம் உமி, தெருவெல்லாம் உமி, வெள்ளைச் சட்டை போட்ட ஞானசிகாமணியின் தலையிலும் தோளிலும் உமி. மிளகாய்ப் பெட்டியைத் திறந்தால் காம்பு கிடந்தது. புளிப்பானையைக் கவிழ்த்தார்கள், தரையில் தட்டினார்கள், ஒன்றும் விழவில்லை. தெருவே கூடி நின்று பார்த்தது.

"உமியை எதுக்குய்யா மூட்டை கட்டி வச்சிருக்கீரு?" செல்லப்பாண்டியின் குரல் இறங்கிவிட்டது.

"கடை காலியாத் தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தரும் படி ஏற மாட்டாகள்ல. சரக்கு வாற வரைக்கும் கடை கடையா இருக்கணும்" என்றார் அவர். சொல்லிக்கொண்டே சட்டையைத் தட்டினார். உமி ஒட்டிக்கொண்டு போகவில்லை.

கூட்டத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெட்கப்பட்டவன் யார் தலையிலாவது அதைக் கட்டப் பார்ப்பான் இல்லையா? செல்லப்பாண்டி சுற்றிப் பார்த்தான். முருகம்மாள் கண்ணில் பட்டாள்.

"எங்களை என்னா சொல்ல? அடுத்த வீட்டுலயே சொன்னாக. மூட்டை மூட்டையா இருக்கு, மலையேறப் போகுது, பொண்டாட்டி தண்ணியக் கலக்கி அனுப்புறான்னு இந்தா நிக்கிற முருகம்மாக்காதான் சொல்லுச்சு. இல்லேன்னா நாங்க ஏன் வாரோம்?"

கடைக்கும் வீட்டுக்கும் நடுவாசலில் கிருபாவதி நின்றிருந்தாள். இடுப்பில் சின்னப் பெண், பக்கத்தில் பெரியவள். அவள் முருகம்மாளைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் முருகம்மாள் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பாள், கத்தித் தப்பித்திருப்பாள். கிருபாவதி சும்மா பார்த்தாள். பார்த்துவிட்டு விளக்குமாறை எடுத்து உமியைக் கூட்ட ஆரம்பித்தாள்.

அன்றைக்குப் பொழுது சாய, கும்பாவைப் பெரிய பெண்தான் கொண்டுவந்து சுவர்மேல் வைத்துவிட்டு ஓடியது. முருகம்மாள் எடுத்தாள். புளி போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தது. பொன்னாக மின்னியது. உள்ளே ஒன்றுமில்லை.

"புளி இல்லாத வீட்டுல இதைத் தேய்க்க எங்கிட்டிருந்து புளி வந்துச்சு? மிச்சமிருந்த ஒரு சுளையவும் இதுக்கே போட்டுட்டாளா?" என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அப்புறம்தான் மற்றதெல்லாம் உறைத்தது.

"ஆத்தா, கிருபா அத்தை குழம்பு?"

"இன்னைக்கு இல்லத்தா. நான் தாரேன், அதே மாதிரி வச்சுத் தாரேன்."

தண்ணிக்குழம்பு வைப்பது ஒரு கம்பசூத்திரமா? முருகம்மாள் தன் குழம்பை வைத்து, அதில் இரண்டு செம்பு தண்ணீரை ஊற்றிக் கலக்கிக் கொடுத்தாள். ராமுத்தாயி முகர்ந்ததுமே ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். மல்லியைக் குறைத்தாள், அதற்கும் வாந்தி. மிளகாய் இல்லாமல் வெறும் புளியைக் கொதிக்க வைத்தாள், "வாயெல்லாம் கூசுது" என்று தள்ளிவிட்டாள். முருகம்மாள் கரண்டியைத் தரையில் எறிந்து தன்னையே திட்டிக்கொண்டாள். ஊரெல்லாம் உன் குழம்பு, உன் பக்குவம் என்று கொண்டாடுகிறது, பெற்ற மகளுக்கு ஒரு கரண்டித் தண்ணி வைக்கத் தெரியவில்லை! மறுநாளும் இப்படியே போயிற்று. ராமுத்தாயி சுருண்டு படுத்துக்கொண்டு அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "லேசா இழுக்குது ஆத்தா" என்றாள்.

அந்தச் சொல்லுக்குப் பிறகு வீறாப்பெல்லாம் எங்கே? முருகம்மாள் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு கிருபாவதி வீட்டுப் பின்வாசலுக்குப் போனாள்.

கிருபாவதி பிள்ளைகளுக்குக் குருணைக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். தொட்டுக்கொள்ள ஓரத்தில் உப்புக்கல். வழக்கமாக "உக்காருங்க மைனி" என்று பலகையைத் தள்ளுபவள், இன்றைக்குத் தள்ளவில்லை. முருகம்மாள் நின்றபடியே சொன்னாள்.

"நான் பேசுனது தப்புத்தான். என்னைய என்ன வேணாலும் சொல்லு, செருப்பைக் கழட்டி அடி. ராமுத்தாயி நேத்துல இருந்து ஒண்ணும் திங்கலை. வயித்தை இழுக்குதுங்கிறா. அந்தக் குழம்பை எப்படித்தா வைக்கிற? அதை மட்டும் சொல்லிரு, போயிர்றேன்."

கிருபாவதி கஞ்சியை ஊற்றி முடித்தாள். சட்டியை ஓரமாக வைத்தாள்.

"நான் எங்க மைனி குழம்பு வச்சேன்? அது ஒங்க குழம்புதான்."

"என்னத்தா சொல்ற?"

"நீங்க குடுத்த குழம்புதான். கும்பா வந்ததும் ராத்திரி முழுக்க ஆடாம அசையாம வச்சிருவேன். காலையில பாத்தா மண்டி அடியில தங்கியிருக்கும், தெளிவு மேல நிக்கும். மண்டியையும் காயையும் இந்தப் பிள்ளையளுக்குக் கஞ்சிக்குக் குடுத்துருவேன். பிள்ளையளோட அப்பாவும் அதைத் தொட்டுத்தான் குடிப்பாவ. தெளிவுல அரிசி கழுவுன ரெண்டாந்தண்ணிய ஊத்தி, உப்புப் போட்டு, ஒரு கொதி விட்டுச் சாயங்காலம் ஒங்களுக்கே குடுத்துருவேன். கும்பாவை வெறுசாக் குடுக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னிய."

நேற்று மொச்சை, இன்று மொச்சை. நேற்று கத்திரிக்காய், இன்று கத்திரிக்காய். எள்ளு. முருகம்மாள் ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தாள். பெற்ற மகள் வயிற்றில் இத்தனை நாள் தங்கியது அவள் கைக்குழம்புதான். இந்தப் பிள்ளைகள் வயிற்றில் தங்கியதும் அதேதான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லத்தா! நான் என்ன அந்நியமா?"

"சொல்லியிருந்தா?" என்றாள் கிருபாவதி. "மறுநாளே வாய்க்கால்ல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்."

முருகம்மாள் வாசல் பக்கம் திரும்பினாள்.

கிருபாவதியே மேலே சொன்னாள். "புதுக்குழம்புல தண்ணி ஊத்தாதிய. வறுத்த வாடை அப்படியே இருக்கும், புள்ளைக்கு ஆகாது. ஒரு ராத்திரி தங்க விடுங்க. காலையில மேல எண்ணெய் ஆடை மாதிரி படிஞ்சிருக்கும், அதை வழிச்சு எடுத்துருங்க. கலக்காம தெளிவை மட்டும் சாய்ச்சு எடுங்க. ஒரு கொதிக்கு மேல விடாதிய. இனிமே நீங்களே வச்சுக்கிடலாம், எங்கிட்ட வர வேண்டாம்."

"சரி, கிருபா" என்றாள் முருகம்மாள். தலையையும் ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்து நேற்று மிஞ்சிய குழம்புச் சட்டியைத் திறந்தாள். மேலே எண்ணெய் படிந்திருந்தது. வழித்தாள். தெளிவைச் சாய்த்து, அரிசி கழுவிய இரண்டாந்தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டு ஒரு கொதி விட்டு, குழைந்த சோற்றில் பிசைந்து கொண்டுபோனாள். ராமுத்தாயி முகர்ந்து பார்த்தாள். ஒரு வாய் வாங்கினாள், இன்னொரு வாய் வாங்கினாள், வட்டில் காலியாயிற்று. "கிருபா அத்தை குடுத்தாகளா?" என்றாள். முருகம்மாள் ஆமாம் என்றாள். மகள் கண்ணை மூடித் தூங்கிப் போனாள். வாந்தி வருமா என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வரவில்லை.

சட்டியில் அடிமண்டி மட்டும் மிஞ்சிக் கிடந்தது. மொச்சையும் மசாலாவுமாகக் கெட்டியாக, ஒரு கைப்பிடி. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆங்காரமாக வந்தது. யார்மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. செல்லப்பாண்டிமேலா, உமியை மூட்டை கட்டிய மனிதர்மேலா, பசியை வாய்விட்டுச் சொல்லாத அந்த அழுத்தக்காரிமேலா, தன் நாக்கின்மேலா? எல்லார்மேலும்தான்.

மண்டியைக் கொடுக்க மனசு வரவில்லை. அடுப்பை மூட்டிப் புதிதாகவே வைத்தாள். பருப்பைத் தாராளமாகப் போட்டாள், கத்திரிக்காயை முழுசாகப் போட்டாள், எள்ளுப்பொடியைக் கை நிறையத் தூவினாள். கும்பா விளிம்பு தளும்ப ஊற்றிச் சுவருக்குப் போனாள்.

"கிருபா!"

பதில் இல்லை. அந்தப் பக்கம் அடுப்புப் புகை தெரிந்தது, பிள்ளைகள் சத்தம் கேட்டது.

"கிருபா, இங்கன வச்சிருக்கேன்த்தா."

வைத்துவிட்டு வந்துவிட்டாள். அப்புறம் கொஞ்ச நேரத்தில் சின்னப் பெண், "இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா" என்று கேட்பது சுவரைத் தாண்டி வந்தது. முருகம்மாள் அந்தக் குரலுக்காகவே காதைத் தீட்டிக்கொண்டு கொல்லையில் நின்றிருந்தாள்.

மறுநாள் அவள் எந்த வேலையையும் ஒழுங்காகச் செய்யவில்லை. உலையில் உப்புப் போட்டோமா என்று தெரியாமல் இரண்டு தரம் போட்டாள். சுருளியாண்டி ஏதோ கேட்டதற்கு, "பேசாம இருங்க" என்று எரிந்து விழுந்தாள். பொழுது சாயும்போது கொல்லைக்கு வந்து பார்த்தால், சுவர்மேல் கும்பா இருந்தது. வெறுமையாக இல்லை. தூரத்திலிருந்தே நிறைந்திருப்பது தெரிந்தது. முருகம்மாள் கிட்டத்தட்ட ஓடினாள்.

கும்பா விளிம்பு வரைக்கும் தண்ணீர். உப்பில்லை, புளியில்லை, கொதிக்க வைத்ததுகூட இல்லை. விரலைவிட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். கிணற்றுத் தண்ணீர். தண்ணியக் கலக்கி அனுப்புகிறாள் என்று அவள் ஊரெல்லாம் சொன்னாளே, இப்போது தண்ணீரே வந்துவிட்டது. ஆனாலும் கும்பாவை அவள் வெறுசாக அனுப்பவில்லை.

"என்னா ஆத்தா, குழம்பு வந்துருச்சா?" என்று ராமுத்தாயி உள்ளிருந்து கேட்டாள்.

"வந்துருச்சுத்தா" என்றாள் முருகம்மாள்.

ஒரு சொட்டுச் சிந்தாமல் கும்பாவை அடுப்படிக்குக் கொண்டுவந்தாள். பானையிலிருந்து புளியை உருண்டையாகப் பிய்த்து எடுத்தாள். அன்றைக்குக் குழம்புக்கு வேண்டிய புளியை அந்தத் தண்ணீரில்தான் கரைத்தாள்.